கர்நாடகப் பதிவெண்ணுள்ள பழைய காரைக் கிருஷ்ணகிரியில் நம் பெயருக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: காவேரிப்பட்டணம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் மாமியாரை அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், பெங்களூருவில் பணிபுரியும் என் தம்பியின் மூலமாக, அங்கே ஒருவர் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த 2015ஆம் ஆண்டு பெட்ரோல் கார் ஒன்றை இந்தத் தை மாதம் வாங்கினோம். பேசிய விலையில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டோம்; ஒரு சிறு தொகை மட்டும், பெயர் மாற்றம் முடிந்த பிறகு தருவதாக நிற்கிறது.

எங்கள் கையில் ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்று அட்டை, ஆவணி வரை நடப்பில் உள்ள காப்பீடு, புகைப் பரிசோதனைச் சான்று, உரிமை மாற்றத்துக்காக விற்றவர் கையொப்பமிட்ட படிவம் 29, படிவம் 30, அவருடைய அடையாளச் சான்றின் நகல் ஆகியவை இருக்கின்றன. ஆனால் ஆர்.சி.யில் இன்னும் வங்கியின் பெயர் அடமானமாகவே நிற்கிறது. கடனை முழுவதும் அடைத்துவிட்டதாக வங்கி கொடுத்த கடிதத்தை விற்றவர் காட்டினார், ஆனால் அந்த அடமானக் குறிப்பை ஆர்.சி.யிலிருந்து நீக்குவதற்கு அவர் விண்ணப்பிக்கவில்லை.

இங்குள்ள அலுவலகத்தில் விசாரித்தபோது, கர்நாடகத்திலிருந்து தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) வராமல் எதையும் தொடங்க முடியாது என்று சொன்னார்கள். வெளியே நின்றிருந்த ஒரு தரகரோ, கே.ஏ. எண்ணிலேயே எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் ஓட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் தாமே முடித்துத் தருவதாகச் சொல்லி மொத்தமாக ஒரு தொகை கேட்கிறார். அதில் அரசுக் கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று கேட்டால் பதில் வருவதில்லை.

விற்றவர் நல்ல மனிதர். தொலைபேசியில் அழைத்தால் எடுக்கிறார். ஆனால் ஆடி மாதத்துக்குள் வேலை மாற்றலாகிப் புனேக்குக் குடிபெயர இருக்கிறார். அதற்குள் அவரிடமிருந்து எதையெல்லாம் பெற்றுக்கொள்ள வேண்டும், தடையின்மைச் சான்றை யார் வாங்க வேண்டும், அங்கே அவர் வாழ்நாள் வரி கட்டியிருக்க இங்கே நாங்கள் மீண்டும் கட்டத்தான் வேண்டுமா, தரகர் இல்லாமல் இதைச் செய்து முடிக்க இயலுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், தர்மபுரி

வணக்கம் அம்மா. போக்குவரத்துத் துறையில் நெடுங்காலம் எழுத்துப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் காரியத்தில் மிக முக்கியமானது விற்றவர் பெங்களூருவில் இருக்கும்போதே தடையின்மைச் சான்றை வாங்கிவிடுவதுதான். மற்ற வேலைகள் அனைத்தையும் நீங்கள் கிருஷ்ணகிரியில் உங்கள் வசதிக்கேற்பச் செய்துகொள்ளலாம்; இது ஒன்றை மட்டும் அவர் இல்லாமல் செய்ய முடியாது.

காரணம் இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 48இன்படி தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் வாகனத்தின் பதிவு பெற்ற உரிமையாளர். பதிவேட்டில் இன்றைக்கும் அவர்தான் உரிமையாளர். விண்ணப்பம் படிவம் 28இல், வாகனம் முதலில் பதிவான கர்நாடக அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். இப்போது விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தின் வழியாகத்தான் தொடங்குகிறது. அதற்குரிய ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.) அந்த வாகனத்தின் பதிவில் இணைக்கப்பட்டுள்ள கைப்பேசிக்கே வரும். எனவே அவர் புனேக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டால், நீங்கள் இங்கே எத்தனை படிவங்களில் கையொப்பம் வாங்கி வைத்திருந்தாலும் முதல் படியிலேயே நின்றுவிடுவீர்கள்.

அடமானக் குறிப்பு நிற்கும் வரை தடையின்மைச் சான்று எளிதில் கிடைக்காது, ஏனெனில் கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் வாகனத்தை வேறு மாநிலத்துக்கு மாற்ற முடியாது. வங்கி கொடுத்த கடிதம் மட்டும் போதாது. அடமானத்தை நீக்குவதற்கான படிவம் 35இல் வங்கியும் உரிமையாளரும் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அந்தப் படிவத்தில் வங்கி அதிகாரியின் முத்திரையும் தேதியும் தெளிவாக இருக்கிறதா, வாகனத்தில் பொறிக்கப்பட்ட அடையாள எண்ணான சேசிஸ் எண் ஆர்.சி.யில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மீண்டும் வங்கிக்கு அலைய நேரிடும்.

விண்ணப்பத்தைப் பெற்றதும் அலுவலகம் ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. சான்று கொடுக்கும் முன், அந்த வாகனத்தின் மீது திருட்டு வழக்கு இல்லை என்று காவல் துறையிடமிருந்து எழுத்து மூலமான அறிக்கை பெற வேண்டும். வரி நிலுவை இல்லை என்பதையும் சரிபார்க்க வேண்டும். இவற்றுக்காகக் காலம் எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், 30 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கவில்லை என்றால் சான்று வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஒப்புகைச் சீட்டு கையில் இருந்தால்தான் இந்த 30 நாள் கணக்கைச் சுட்டிக்காட்டி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுத முடியும். ஆகவே விற்றவரிடம் அந்தச் சீட்டின் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, எத்தனை காலம் கே.ஏ. எண்ணில் ஓட்டலாம் என்ற கேள்வி. ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை இன்னொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது பிரிவு 47. இந்த 12 மாதங்களைப் பலரும் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். அது வேறு மாநிலப் பதிவெண்ணோடு வாகனத்தை இங்கே வைத்திருப்பதற்கான காலம். உரிமை மாற்றத்தைத் தள்ளிப்போடுவதற்கான அவகாசம் அன்று. வாங்கியவர் உரிமை மாற்றத்தை 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 50 தனியாகச் சொல்கிறது. அந்தக் கெடு கடந்துவிட்டது என்பதற்காக அஞ்ச வேண்டாம்; தாமதத்துக்கான தொகையைச் செலுத்தி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தரகர் சொன்னதை நம்பி அப்படியே விட்டுவிடுவது எந்த வகையிலும் சரியன்று.

தடையின்மைச் சான்றில் எந்த அலுவலகத்துக்கு என்று குறிப்பிடுவார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிருஷ்ணகிரி, ஓசூர் என இரண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் உள்ளன, முன்னதற்கு டி.என். 24, பின்னதற்கு டி.என். 70. பெங்களூருவில் விண்ணப்பத்தை நிரப்பும் சிலர், எல்லைக்கு அருகில் இருக்கிறது என்று ஓசூரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி முன்பு தர்மபுரி மாவட்டத்தில்தானே இருந்தது என்று டி.என். 29ஐத் தேர்ந்தெடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். காவேரிப்பட்டணம் முகவரிக்குக் கிருஷ்ணகிரி என்றுதான் வர வேண்டும். விற்றவர் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன் அந்தத் திரையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

பதில்: ஓசூர்வாசி

சகோதரிக்கு வணக்கம். பெரியவர் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். பெங்களூருவில் வாங்கிய இருசக்கர வாகனத்துக்கு இந்த வேலை முழுவதையும் தரகர் துணையில்லாமல் நானே செய்து முடித்தேன் என்பதால், நடைமுறையில் கவனிக்க வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன். கார் என்பதால் வரித்தொகையும் ஆய்வும் சற்று வேறுபடுமே தவிர, வழி ஒன்றுதான்.

முதலில் இ-சலான். பெங்களூருவில் சிக்னல்களில் கேமரா வைத்து அபராதம் விதிப்பதால், வாகன உரிமையாளருக்கே தெரியாமல் பல சலான்கள் நிலுவையில் இருக்கும். வாகன எண்ணைக் கொடுத்து இணையத்தில் நீங்களே பார்க்கலாம். நிலுவை இருந்தால் விண்ணப்பம் நகராமல் நிற்கும், யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள். நீங்கள் வாங்கிய தேதிக்கு முந்தைய சலான்களை அவர் கட்டட்டும், பிந்தையவை உங்களுடையவை. இதைப் பேசித் தீர்ப்பதற்கு, நிறுத்தி வைத்திருக்கும் அந்தச் சிறு தொகை பயன்படும். தடையின்மைச் சான்று கைக்கு வரும் வரை அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து, படிவங்களில் ஒட்ட வேண்டிய சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சு. இதற்கென்று தரகர்கள் தனியாகப் பணம் கேட்கிறார்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது. காரில் அந்த எண் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும்: சிலவற்றில் முன் இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கினால் தெரியும், சிலவற்றில் பானெட்டைத் திறந்தால் பின்பக்கச் சுவரில் தெரியும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கையும் கிரீஸையும் துடைத்து, நன்றாக உலர விட்டு, மெல்லிய காகிதத்தை அதன்மீது அசையாமல் ஒட்டி, பென்சில் முனையைச் சாய்த்துப் பிடித்து ஒரே பக்கமாகத் தேய்த்து வாருங்கள். எழுத்துகள் வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கருமையாகவும் எழும்பி வரும். எட்டையும் மூன்றையும் பிரித்தறிய முடியாமல் மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், நான்கைந்து அச்சுகளை எடுத்து அவற்றில் தெளிவானவற்றை ஒட்டுங்கள். தடையின்மைச் சான்று விண்ணப்பத்துக்கும் அச்சு கேட்பார்கள். கார் உங்களிடம் இருப்பதால் நீங்கள்தான் எடுத்துத் தம்பியிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

சான்று வந்த பிறகு இங்கே படிவம் 27இல் புதிய பதிவெண்ணுக்கும், உங்களிடம் உள்ள 29, 30 ஆகிய படிவங்களோடு உரிமை மாற்றத்துக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். அதன்பின் வாகனத்தை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். நம் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்கிறோமே, அந்த மோட்டார் வாகன ஆய்வாளர் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் நேரில் பார்த்து ஒப்பிடுவார். கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டியிருந்தால் முதல் நாளே உரித்துவிடுங்கள். அதை உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு பொருத்தியிருந்தாலும் கழற்றி விடுங்கள். பழைய உரிமையாளர் எரிவாயுக் கருவி பொருத்தியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் ஆர்.சி.யில் இல்லாத எரிபொருள் மாற்றம் ஆய்வில் நிச்சயம் சிக்கும்.

தரகர் இல்லாமல் முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். காலையில் அலுவலகம் திறந்ததும் போய், விண்ணப்ப எண்ணைச் சொல்லி, அது எந்த இருக்கையில் இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். பணத்தை இணையத்தில் செலுத்துவதால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உங்கள் கையில் இருக்கும். உங்களால் அலைய முடியாமல் ஒருவரை அமர்த்துவதாக இருந்தாலும், அரசுக்குச் செல்லும் தொகையை நீங்களே இணையத்தில் கட்டிவிட்டு, அவருடைய உழைப்புக்கான கூலியை மட்டும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். மொத்தத் தொகை கேட்பவரிடம் ஆர்.சி.யை ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள்.

காவேரிப்பட்டணம் ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலையே விற்றவரிடம் பேசினோம். கைப்பேசி எண்ணை மாற்றப் போவதில்லை என்றும், படிவம் 35ஐ வங்கியில் வாங்கித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். இணையத்தில் பார்த்ததில் சில சலான்கள் இருக்கின்றன. அவை எல்லாம் நாங்கள் வாங்குவதற்கு முந்தையவை.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. இந்த வேலை முடியும் வரை காரைத் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ எடுத்துச் செல்லலாமா? காப்பீடு நடப்பில்தான் இருக்கிறது, ஆனால் அது விற்றவர் பெயரில் இருக்கிறது. மேலும், கர்நாடகத்தில் கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம் என்று என் தம்பியின் நண்பர் சொல்கிறார். அது உண்மைதானா?

பதில்: வழக்கறிஞர், கிருஷ்ணகிரி

உங்கள் முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன் அம்மா. விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தி வருபவன் என்பதால், பெயர் மாற்றாமல் கைமாறிய வாகனங்கள் இரு தரப்புக் குடும்பங்களையும் எந்த நிலைக்குத் தள்ளுகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். காப்பீடு விற்றவர் பெயரில் இருப்பது சிறிய விஷயமன்று. தடையின்மைச் சான்றுக்குக் காத்திராமல் இந்த வாரமே நீங்கள் கவனிக்க வேண்டியது அதுதான்.

சட்டத்தின் பிரிவு 157இன்படி, வாகனம் கைமாறும்போது காப்பீடும் வாங்கியவருக்கு மாறியதாகக் கருதப்படும். ஆனால் அந்தப் பாதுகாப்பு மூன்றாம் நபருக்கு ஏற்படும் இழப்பை மட்டுமே சாரும் என்று உச்ச நீதிமன்றம் முன்பே தெளிவுபடுத்திவிட்டது. அதாவது, உங்கள் கார் யார் மீதாவது மோதினால் அவருக்கு இழப்பீடு கிடைக்க வழியுண்டு. உங்கள் காரே நொறுங்கினாலோ திருடு போனாலோ, பாலிசி உங்கள் பெயருக்கு மாறாத வரை, காப்பீட்டு நிறுவனம் உங்கள் கோரிக்கையை மறுக்கலாம். வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. கெடு கடந்திருந்தாலும், விற்பனை ஒப்பந்த நகல், படிவம் 29, 30 ஆகியவற்றின் நகல்களுடன் இப்போதே நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்கி வையுங்கள். ஆர்.சி. மாறிய பிறகுதான் முழுப் பெயர் மாற்றம் செய்வோம் என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

விற்றவருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள், அவர் இன்னும் வேகமாக ஒத்துழைப்பார். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இந்த நிலைமைக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த வழக்கில் வாகனம் ஒருவர் கையிலிருந்து அடுத்தவருக்கு, அவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று பலமுறை விற்கப்பட்டிருந்தது. யாரும் பெயர் மாற்றவில்லை, காப்பீடும் இல்லை. விபத்து நடந்த பிறகு, தான் எப்போதோ விற்றுவிட்டதாகப் பதிவேட்டில் இருந்த முதல் உரிமையாளர் வாதிட்டார். விபத்தில் பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கைமாற்றத்தையும் தேடி அலைய வேண்டியதில்லை, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே உங்கள் கார் இன்று தொப்பூர் கணவாயில் எதன் மீதாவது மோதினால், அழைப்பாணை முதலில் பெங்களூரு முகவரிக்குத்தான் போகும்.

காரை எடுத்துச் செல்லலாமா என்றால், ஆவணங்கள் நடப்பில் இருக்கும் வரை சாலையில் ஓட்டுவதற்குத் தடையில்லை. ஆர்.சி.யையும் காப்பீட்டையும் டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும், ஆனால் அங்கே அது விற்றவரின் கணக்கில் இருக்கும் என்பதால் நீங்கள் அசலையே வைத்திருங்கள். கூடவே, வாகனம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது என்று இருவரும் கையொப்பமிட்ட ஒரு தாளும் காரில் இருக்கட்டும். அந்த நேரத்துக்கு முந்தைய எந்த வழக்கும் உங்களைச் சேராது என்பதற்கும், பிந்தைய எதுவும் அவரைச் சேரக் கூடாது என்று அவர் வாதிடுவதற்கும் அது ஆதாரம். அந்தத் தாள் இதுவரை எழுதப்படவில்லை என்றால், தம்பியை அனுப்பி இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதி வாங்கிவிடுங்கள். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பெயர் மாறும் வரை அந்தக் காரை உறவினருக்கோ நண்பருக்கோ இரவல் கொடுக்காதீர்கள்.

பதில்: பாலக்கோடு விவசாயி

வரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் அண்ணன் மகன் பெங்களூருவில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்தபோது அவனுடைய காரை இங்கே மாற்றினோம். தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி கட்டித்தான் ஆக வேண்டும். கர்நாடகத்தில் கட்டியது இங்கே கணக்கில் வராது. ஆனால் புதிய காருக்குக் கட்டுவது போல முழு வரி கேட்க மாட்டார்கள். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வீதப்படி புதிய கார்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13 சதவீதம், 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று இருக்கிறது. பழைய காருக்கு அதன் வயதுக்கேற்பக் குறைத்துக் கணக்கிடுவார்கள். காரின் அசல் விலைப்பட்டியல் இருந்தால் கணக்கிடுவது எளிது. விற்றவரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள், பழைய கோப்பில் எங்காவது கிடக்கும்.

கர்நாடகத்தில் கட்டிய வாழ்நாள் வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பகுதியைத் திரும்பக் கேட்கலாம் என்பது உண்மைதான். இங்கே மறுபதிவு முடிந்து, இங்கு வரி கட்டிய ரசீதும் புதிய ஆர்.சி.யும் கைக்கு வந்த பிறகு, அவற்றின் நகல்களைத் தடையின்மைச் சான்றின் நகலோடு சேர்த்து, பழைய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கார் பழையதாகப் பழையதாகத் திரும்பக் கிடைக்கும் தொகை குறைந்துகொண்டே போகும். 2015ஆம் ஆண்டுக் கார் என்பதால் பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம், ஆனாலும் விட்டுவிடக் கூடிய தொகையும் அன்று. அந்தப் பணம் வந்தால் யாருக்குச் சேர வேண்டும் என்பதை வழக்கறிஞர் ஐயா சொன்ன அதே தாளில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரே ஆள் என்பதால் சிக்கல் இல்லை. உங்களுக்கு விற்றவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். பின்னாளில் மனக்கசப்பு வரக் கூடாது.

தடையின்மைச் சான்று மூலத்தை இங்கே கொடுக்கும் முன் இரண்டு மூன்று நகல்கள் எடுத்து வையுங்கள். மூலம் இங்கேயே கோப்பில் தங்கிவிடும். வரியைத் திரும்பக் கேட்கும்போது நகல் இல்லாமல் தவித்தவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு.

பதில்: ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், தர்மபுரி

அம்மா, வழக்கறிஞர் சொன்ன காப்பீட்டு விஷயத்தை நானும் வலியுறுத்துகிறேன். மறுபதிவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும் என்பதால், ஆவணியில் முடிவதற்குள் வேலை முடியவில்லையென்றால் புதுப்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கார் 2015ஆம் ஆண்டினது, ஆர்.சி.யின் 15 ஆண்டுகள் 2030 வரை செல்லும் என்பதால் பதிவுப் புதுப்பித்தல் இப்போது உங்களுக்குத் தேவைப்படாது.

யார் பெயரில் மாற்றுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். உங்கள் பெயரிலா, கணவர் பெயரிலா என்பது உங்கள் விருப்பம். ஆனால் படிவம் 29, 30 ஆகியவற்றில் வாங்குபவர் பெயர் காலியாக விடப்பட்டிருந்தால் இன்றே நிரப்பிவிடுங்கள். கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்கள் வேறு யார் கைக்குப் போனாலும் ஆபத்து. பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுத வேண்டும். ஆதாரில் தகப்பனார் அல்லது கணவர் பெயர் விரிவாகப் பின்னால் இருந்து, மற்ற சான்றுகளில் முதலெழுத்தாக முன்னால் இருந்தால், எல்லாப் படிவங்களிலும் ஆதாரில் உள்ள வடிவத்தையே பின்பற்றுங்கள்.

முகவரியிலும் அதே கவனம் தேவை. 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் ஆர்.சி.யையும் ஓட்டுநர் உரிமத்தையும் அலுவலகத்தில் நேரில் கொடுப்பதில்லை. விரைவு அஞ்சலில் பதிவான முகவரிக்கே அனுப்புகிறார்கள். வீடு பூட்டியிருந்தாலோ முகவரி தவறாக இருந்தாலோ அஞ்சல் திரும்பி அலுவலகத்துக்கே போய்விடும். அதன்பின் முகவரியைச் சரிசெய்து மீண்டும் அனுப்பச் சொல்வதற்குத் தனியாக அலைய வேண்டும். நீங்கள் பகலில் பள்ளியில் இருப்பீர்கள் என்பதால், ஊர் அஞ்சல் நிலையத்தில் முன்பே சொல்லி வையுங்கள். விண்ணப்பத்தில் பகலில் எடுக்கக்கூடிய கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். தடையின்மைச் சான்று வந்ததும், அதில் அலுவலகத்தின் பெயர் கிருஷ்ணகிரி என்று இருக்கிறதா, சேசிஸ் எண் சரியாக இருக்கிறதா, அடமானம் நீங்கியதாகக் காட்டுகிறதா என்ற மூன்றையும் இங்கே எழுதுங்கள். படிவம் 27ஐ நிரப்பும்போது ஐயம் எழுந்தால் அப்போது சொல்கிறேன்.